அனுப்பியவர் பெயர்

மஞ்சு கண்ணு,

நீ நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. இன்று மதியம்தான் உன் குரலைக் கேட்டேன். அந்தக் குரலுக்கு ஒரு குறையும் இல்லை. "வந்துடுச்சும்மா! முழுசா வந்துடுச்சு!" என்று நீ கத்தியபோது நான் கம்பெனி கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பதிலுக்கு நானும் கத்திவிட்டேன். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். முன்னால் நின்ற சாந்தி திரும்பி, "யாருக்குக்கா, கொழந்த பொறந்துடுச்சா?" என்று கேட்டாள். "பணம் போயி சேந்துடுச்சுடி, ஜெர்மனிக்கு!" என்றேன். "அங்கேர்ந்து தான வரும்? நீ என்னாத்துக்கு அங்க அனுப்பற?" என்று அவள் முழித்த முழியைப் பார்த்திருக்க வேண்டும் நீ. டீ இடைவேளையில் கேட்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்கு ஓடிப்போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து லைன் முழுக்கக் கொடுத்தேன். சூப்பர்வைசருக்கும் ஒன்று. அவர் காரணம் கேட்காமலே தின்றுவிட்டார். இப்போது வீட்டுக்கு வந்து கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாளில் நெய்க்கறை இருந்தால் அது இன்றைய சந்தோஷத்தின் கறை, மன்னித்துக்கொள்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உடனே உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. எங்கள் லைனில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு மாதம் பிறந்தால் பாங்க் வாசலில் நிற்கிற அம்மாக்கள் சாந்தியையும் சேர்த்து மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களும் படித்துவிட்டுத் தரட்டும் என்று நினைத்திருக்கிறேன். அவர்களுக்கும் உதவும், எனக்கும் இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லாமல் போகும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் இடையிடையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். பணம் வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். அது இங்கிருந்து எப்படிக் கிளம்பியது என்று தெரியாது. அதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, பாதியில் அழுதுவிடுவேன். எழுதினால் அழுதுகொண்டே எழுதி முடித்துவிடலாம், யாருக்கும் கேட்காது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது. நம் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். உன் அப்பா ராஜமாணிக்கம், அதனால் நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஆர். மஞ்சுளா. கல்யாணமானதிலிருந்து நானும் அதே ஆர்தான். நீ ஜெர்மனி போவதற்காக கிருஷ்ணகிரியில் பாஸ்போர்ட் படிவம் நிரப்பப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? சர்நேம் என்ற கட்டத்தைக் காட்டி, "நமக்குத்தான் அது இல்லையேம்மா, என்ன போடறது?" என்று நீ கேட்டாய். படிவம் நிரப்பிக் கொடுத்தவர் தலையைத் தூக்காமலே, "அப்பா பேரைப் போட்டுக்கினு போங்க" என்றார். அப்பா போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. மெஷின் ஷாப்பில் டர்னர் வேலை முடித்து, ஷிப்டு பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். இத்தனை நாள் உன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக இருந்தவர், அன்றைக்கு அந்தக் கட்டத்தில் முழு மனிதராக எழுந்து நின்றுகொண்டார்.

போன புதிதில் நீ போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாய், அங்கே யாரும் உன்னை மஞ்சுளா என்று கூப்பிடுவதில்லை, ஆபீஸில், பாங்கில், டாக்டரிடத்தில் எல்லாம் நீ ராஜமாணிக்கம்தான், அதுவும் ஜ வராமல் "ஃபிராவ் ராயமானிக்கம்" என்று. ஃபிராவ் என்றால் நம் ஊர் மேடம் மாதிரியாம். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு, ராயமானிக்கம், ராயமானிக்கம் என்று இரண்டு தடவை தனியாகச் சொல்லிப்பார்த்தேன். அப்பாவுக்கு யாராவது இப்படி ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டிருந்தால் எவ்வளவு சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கும்போது அவருக்குத் தோள் இரண்டும் குலுங்கும்.

அப்புறம் நீ அனுப்பிய முதல் பணம். பதினோரு நாள் அது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நீ அங்கே அனுப்பிவிட்டேன் என்கிறாய், இங்கே வரவில்லை என்கிறார்கள். கடைசியில் பார்த்தால், நீ நம் கிளையின் குறியீட்டுக்குப் பதில் வேறு ஏதோ கிளையின் குறியீட்டைப் போட்டிருந்தாய், பணம் மும்பையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது. வந்தபோதும் முழுசாக வரவில்லை, நடுவில் இருந்த பாங்க் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை விட்டிருந்தது. நான் எங்கள் வேலையை நினைத்துக்கொண்டேன். காருக்குள் போகிற ஒயரில் ஒரு முனையைச் சரியாக மாட்டிவிட்டு இன்னொரு முனையைப் பக்கத்து ஓட்டையில் சொருகினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான் விஷயம். அந்தப் பதினோரு நாளும் தினம் ஷிப்டு முடிந்து பாங்குக்குப் போனதில்தான் கவுன்ட்டரில் இருக்கும் பாக்யா எனக்குப் பழக்கமானாள். பாகலூர்ப் பெண், வீட்டில் தெலுங்கு, படித்தது கன்னடம், கவுன்ட்டரில் தமிழ். ஒருநாள் சாந்தியோடு போயிருந்தபோது "பன்னி ஆண்ட்டி, பன்னி" என்று அவள் வரவேற்க, கன்னடத்தில் அதற்கு வாருங்கள் என்று அர்த்தம் என்று தெரியாமல் சாந்தி சண்டைக்கே போய்விட்டாள். அந்தப் பாக்யாதான் பன்னிரண்டாம் நாள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து நின்று, ஒரு துண்டுத் தாளை ஆட்டிக்கொண்டு, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆண்ட்டி! ராஜமாணிக்கம் பணம் அனுப்பியிருக்காரு!" என்றாள்.

மஞ்சு, அதைக் கேட்டபோது எனக்கு என்ன ஆனது என்று எப்படிச் சொல்வது? மூன்று வருஷமாக அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்லிக் கேட்கவில்லை. சொன்னாலும் மறைந்த, காலமான, லேட் என்று முன்னால் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் வரும். இவள் உயிரோடு இருக்கிறவரைச் சொல்வது போலச் சொன்னாள். அந்தத் தாளில் உன் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே முதல் வரியில் அப்பா பெயர், அதற்குக் கீழே இரண்டாவது வரியில் உன் பெயர். அவள் முதல் வரியோடு நிறுத்திவிட்டாள். "வீட்டுக்காரரா ஆண்ட்டி?" என்று கேட்டாள். இல்லம்மா, என் பொண்ணு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது. வெளிநாட்டுப் பணம் என்றால் யார் அனுப்பியது, எதற்கு என்று ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அவளே நல்ல மனசோடு நிரப்பி, உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதி என் பக்கம் தள்ளினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு தடவையோடு நின்றிருந்தால் பிசகு என்று சொல்லலாம். நான்கு வருஷம் போட்டேன். உன் பணம் வருகிற நாள் வந்தால் காலையிலேயே எனக்கு ஒரு பரபரப்பு. பீரோவிலிருந்து நல்ல சேலையாக எடுப்பேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டுதான் பாங்குக்குப் போவேன், திரும்பி வரும்போது நம் தெரு முனையில் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வேன். பாக்யா, "சார் எப்ப ஆண்ட்டி வராரு?" என்பாள். "தீபாவளிக்கு வராருன்னு சொல்லிக்கினு இருக்காரு, லீவு தரணுமே" என்பேன். "தனியா சமைச்சா சாப்பிடறாரு?" என்பாள். "அவருக்கு ரவா உப்புமாவைத் தவுர ஒண்ணும் தெரியாது, அதுவும் கட்டி கட்டியா இருக்கும்" என்பேன். அது பொய் இல்லை, அப்பா செய்கிற உப்புமா உனக்கே தெரியும். பாங்குக்குள் இருக்கும் அந்தக் கால் மணி நேரம் நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிற ராஜமாணிக்கத்தின் பெண்டாட்டி. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன், அவ்வளவு சந்தோஷம்.

இப்போது புரிகிறதா, இந்த வருஷத் தொடக்கத்தில் மூன்று மாதம் நீ பணம் அனுப்பாமல் இருந்தபோது நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று? "அம்மாவ மறந்துட்ட இல்ல, அங்க உனக்கு வேற யாரோ கெடச்சுட்டாங்க" என்று போனில் சொன்னேன். அப்போதே உன் வேலை போய்விட்டிருந்தது, நீ என்னிடம் மறைத்துவிட்டு, சேர்த்து வைத்ததில் ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தாய். எனக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை மஞ்சு, என் சம்பளத்தில் என் வயிறு நிறைந்துகொண்டுதான் இருந்தது. பாங்கில் அந்தப் பெயரைக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது, அந்த ஆத்திரத்தில் பேசிவிட்டேன். அந்த வார்த்தைக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை, இப்போது கேட்கிறேன். ஆனால் ஒன்று, நீ வேலை போனதை மறைத்தாய், நான் அப்பா போனதை மறைத்தேன். உனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் தேட வேண்டியதில்லை.

பிரவுசிங் சென்டரில் உன் மெயிலை அச்செடுத்துக் கொடுத்தார்கள். வேலை இல்லை, மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் படிக்க அங்கே தங்கவேண்டுமென்றால் ஒரு வருஷச் செலவுக்கான பணம் உன் கணக்கில் இருப்பதாகக் காட்ட வேண்டும், அதற்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், "முடியலன்னா பரவாயில்லம்மா, திரும்பி வந்துடறேன்" என்று இருந்தது. அந்தக் கடைசி வரியை நீ எழுதிய விதத்திலேயே உனக்குத் திரும்பி வர விருப்பம் இல்லை என்று தெரிந்துவிட்டது. நான் உடனே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் படிப்புக் கடனை அடைத்தது போக, நீ அனுப்பியது எல்லாம் ஃபிக்சட் டெபாசிட்டில் அப்படியே கிடந்தது. எதற்காக எடுக்காமல் வைத்திருந்தேன் என்று கேட்டால், அப்பா அனுப்பிய பணத்தை எடுத்துச் செலவு செய்ய மனசு வரவில்லை என்றுதான் சொல்வேன். ஐந்து லட்சத்துச் சொச்சம் இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தேன், போதும்! நான் அந்த அறையிலேயே எழுந்து ஒரு சுற்று நடந்தேன். ஒசூரில் ஒயர் கட்டுகிற ஒருத்தி ஜெர்மனிக்குப் பணம் அனுப்பப்போகிறாள். எல்லாரும் அங்கிருந்து வாங்குகிறார்கள், நான் அங்கே அனுப்பப்போகிறேன்! அப்போது எங்கள் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, சம்பளமும் பாதி. அதெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் ஞாபகத்துக்கே வரவில்லை.

என்னென்ன வேண்டும் என்று பாக்யாவிடம் கேட்டுப் பத்து நாளில் எல்லாவற்றையும் சேர்த்தேன். என் பான் கார்டு, உன் பாஸ்போர்ட் நகல், உன் அட்மிஷன் கடிதம், உன் பாங்கின் குறியீடு, இருபத்திரண்டு எழுத்து கொண்ட உன் கணக்கு எண். அந்த எண்ணை நீ போனில் சொல்லச் சொல்ல நான் எழுதி, பிறகு பின்னாலிருந்து முன்னால் உனக்குப் படித்துக் காட்டினேனே, நீகூட "என்னம்மா இது, அம்மாவா கம்ப்யூட்டரா?" என்று கேலி செய்தாய். முதல் தடவை மும்பையில் காற்று வாங்கிய பணத்தை நான் மறக்கவில்லை. நல்ல சேலை, ஒரு முழம் கனகாம்பரம், எல்லாம் வைத்துக்கொண்டு பாங்குக்குப் போனேன். வெளிநாட்டுப் பணம் பார்க்கும் ஆபீசர் புதிதாக மாற்றலாகி வந்தவர், திருநெல்வேலிக்காரர். பாக்யா என்னைப் பெருமையாகக் கூட்டிப்போய், "சார், இவங்க வீட்டுக்காரரு ஜெர்மனில இருக்காரு, ரொம்ப வருஷமா நம்ம கஸ்டமர்" என்று அறிமுகம் செய்தாள். போச்சு என்று அப்போதே நினைத்தேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "என்னம்மா இது? நாலு வருசமா ராஜமாணிக்கம் அனுப்பியிருக்காரு, உறவு கணவர்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப ராஜமாணிக்கத்துக்கே அனுப்புதீங்க, உறவு மகள்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலையே" என்றார். "அப்பா பேரு சார், அது" என்றேன். "சரி, மகளாவே இருக்கட்டும். ரூவா உங்க வீட்டுக்காரரு அனுப்பினதா இருக்கு, இவ்வளவு பெரிய தொகை திரும்பி வெளிய போகுது. தப்பா நினைக்காதீங்க, அவருகிட்டேர்ந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினாக்கூடப் போதும்" என்றார். பாக்யா பக்கத்தில் நின்று, "ஒரே ஒரு போன் போடுங்க ஆண்ட்டி, சார் உடனே அனுப்பிடுவாரு" என்றாள். உனக்கு அப்போது இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது, அதில் ஒரு சனி, ஞாயிறு, ஒரு பாங்க் விடுமுறை.

வெளியே வந்து ஏடிஎம் பக்கத்தில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், என் புத்தி முதலில் போனது எங்கே தெரியுமா? நானே ஒரு கடிதம் எழுதி அப்பா மாதிரிக் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று. அவர் கையெழுத்து எனக்கு நன்றாக வரும், உன் ரேங்க் கார்டில் ஒரு தடவை போட்டிருக்கிறேன். அதை நினைத்ததும் உடம்பு கூசியது. இவ்வளவு நாள் அவர் பெயரைக் கேட்பதற்காகப் பொய் சொன்னேன், இப்போது அவர் கையாலேயே பொய் சொல்ல வைக்கப் பார்த்தேனே. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். பீரோவில் உன் சர்டிபிகேட்டுகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில் இருந்த நகராட்சித் தாளை எடுத்துக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பினேன். எண்பது ரூபாய் வாங்கினான், பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை. மதியம் கவுன்ட்டர் மூடுவதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அந்த மேஜையில் இறப்புச் சான்றிதழை வைத்தேன். "அவரு இல்லீங்க சார். ரெண்டாயிரத்து ரெண்டுலயே போயிட்டாரு. பணம் அனுப்பிக்கினு இருந்தது எல்லாம் எம் பொண்ணு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாக்யா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ... தீபாவளிக்கு வராருன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவள் கண் என் தலைக்குப் போனது. வந்த அவசரத்தில் தெரு முனையில் பூவை எடுக்க மறந்திருந்தேன். ஒரு கையில் சான்றிதழ், தலையில் கனகாம்பரம், இப்படி நான் நின்றுகொண்டிருந்தேன். எடுத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அவள் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் ஆண்ட்டி, உங்களுக்கு நல்லாருக்கு" என்றாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன், திருநெல்வேலிக்காரர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய தாள்களில் ஒன்றை எடுத்து விரலை வைத்துப் படித்தார். "ரெண்டாவது வரியில மஞ்சுளான்னு போட்டிருக்கே. நாலு வருசமா இத ஒருத்தரும் வாசிக்கலியா?" என்று கேட்டார். பாக்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் வாசித்திருந்தேன், மஞ்சு. ஒவ்வொரு மாதமும் வாசித்துவிட்டு, அந்த வரி உள்ளே போகிற மாதிரித் தாளை மடித்து வைத்திருந்தேன். அந்த ஆபீசர் கேட்டபோதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அப்பா பெயரைக் கேட்க வேண்டும் என்பதற்காக உன் பெயரை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் குளிரில், தெரியாத பாஷையில், நீ எழுந்து போய் உழைத்துச் சம்பாதித்ததை எல்லாம் ஊருக்கு நடுவில் வேறொருவர் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொருவர் உன் அப்பாவே ஆனாலும் அது உனக்குச் செய்த அநியாயம்தான். முன்பு தவறாக எழுதிக்கொடுத்ததைத் திருத்தி ஒரு கடிதம் வேண்டும் என்று ஆபீசர் வெள்ளைத் தாள் கொடுத்தார். தமிழிலேயே எழுதினேன். இதுவரை எனக்குப் பணம் அனுப்பியவர் என் கணவர் அல்ல, என் மகள் மஞ்சுளா என்று எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "மக பேர மட்டும் இம்புட்டுப் பெருசா எழுதியிருக்கீங்க" என்றார். "அது சின்னதா இருந்தது போதும் சார்" என்றேன். உன் பாஸ்போர்ட் நகலின் கடைசிப் பக்கத்தில் தாய் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததைப் பார்த்து உறவைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பக்கத்தில் என் பெயர் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சாந்தியும் மற்றவர்களும் படிப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்பும் செலவை யார் ஏற்றுக்கொள்வது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், கேட்க வேண்டும். முழுத் தொகையும் போய்ச் சேர வேண்டுமென்றால் எல்லாச் செலவும் அனுப்புகிறவருக்கு என்று குறிக்க வேண்டும். நான் கேட்டுக் குறித்ததால்தான் இன்று நீ "முழுசா" என்று கத்தினாய். இரண்டாவது, மஞ்சு, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே தங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு கணக்கு உண்டாம், ஆபீசர் சொன்னார். படித்து முடித்து மறுபடியும் சம்பாதிக்கும்போது அதைத் திறந்து அதில் போடு, எனக்கு அனுப்பாதே. உன் உழைப்பு உன் பெயரிலேயே இருக்கட்டும். எங்கள் கம்பெனியில் போன வாரத்திலிருந்து ஆறு நாளும் வேலை வந்துவிட்டது, புதிதாக ஒரு லைனும் தொடங்குகிறார்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வந்தால் மறைக்காமல் சொல்வேன், நீயும் சொல்ல வேண்டும். மறைத்தால் நம் இரண்டு பேருக்கும் எப்படி ஆகும் என்று பார்த்துவிட்டோம்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது உனக்கு. உன் பாங்குக்குப் போய் இந்தப் பணம் வந்ததற்கான தாளைக் கேட்டு வாங்கு. அனுப்பியவர் என்ற இடத்தை விரலை வைத்துப் படி, என்னைப் போல மடித்து வைக்காதே. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது, "இனிஷியல விரிச்சு எழுதணுமா சார்?" என்று கேட்டேன். "வேண்டாம்மா, பாஸ்புக்ல எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினேன். முன்னால் ஒரே ஒரு ஆர், ஒரு புள்ளி. அது அப்பா. அதற்குப் பிறகு வருகிறதே, அது முழுக்க நான்.

உன் அம்மா